தேய்த்த டாலர்

டாலர் நாணயத்தை விளிம்பில் பிடித்து விளக்குக்கு நேரே சாய்த்தார்.

ஒளி சுழலவில்லை.

தேய்க்காத வெள்ளி டாலரில் ஒளி சக்கரத்தின் ஆரங்களைப் போலச் சுற்றி வரும். இதில் ஒரே இடத்தில் நின்றது. எவர்சில்வர் தட்டில் நிற்பதைப் போல.

சேதுமாதவன் லென்ஸைக் கண்ணில் பொருத்திக்கொண்டார். பழைய நாணயங்களுக்குத் தரம் சொல்வது அவர் தொழில். காந்திபுரத்தில் மாடிக் கடை.

அமெரிக்க டாலர், 1889. சுதந்திர தேவியின் காதுக்கு மேலே முடி இழை இழையாக இருந்தது. புழக்கத்துக்கே வராத காசு. தரத்தில் எழுபதுக்கு அறுபத்தைந்து போட்டிருக்கலாம்.

ஆனால் கன்னம் முழுக்கக் கீறல்கள். வட்ட வட்டமாக. எழுத்துகளின் இடுக்கில் ரோஸ் நிறப் பல்பொடி.

கொஞ்ச நாளைக்குள் தேய்த்தது.

எதிரே பூபதி கைகளைக் கோத்தபடி உட்கார்ந்திருந்தான். நிதானமான குரல்.

"எங்க அப்பாவோட டாலருங்க. நல்லாக் கறுத்திருந்துச்சு. அந்தக் கறுப்புலதான் மதிப்பே இருக்குன்னு எனக்குத் தெரியும். யாரோ தேய்ச்சிருக்காங்க. எப்பன்னு சொல்ல முடியுங்களா?"

யாரோ என்றபோது அவன் பக்கத்தில் திரும்பிப் பார்க்கவில்லை.

பக்கத்தில் அவன் மனைவி. இடது கையை முந்தானைக்குள் வைத்திருந்தாள். விசிறிக் காற்றில் முந்தானை விலகியது. இரண்டு விரல்களைச் சேர்த்துக் கட்டுப் போட்டிருந்தது. வீக்கம் வடியவில்லை.

இருபத்தாறு வருடத்தில் சேதுமாதவன் ஒரு காசுக்கும் பொய் சொன்னதில்லை. விற்பவருக்காகவும் இல்லை. வாங்குபவருக்காகவும் இல்லை.

"இது பழைய தேய்ப்புங்க. உங்க அப்பா கைக்கு வர்றதுக்கு முன்னாடியே நடந்திருக்கும்."

பூபதி சிரித்தான்.

போனை எடுத்து மேசைமேல் வைத்தான். படத்தில் அதே டாலர். நடுவில் கறுப்பு, ஓரத்தில் நீலமும் ஊதாவும். போன மாதத் தேதி.

"பரவால்லைங்க. தேய்ச்சதுன்னு மட்டும் ஒரு தாள்ல எழுதிக் கையெழுத்துப் போட்டுருங்க. வீட்டுல வெச்சுப் பேசணும்."

அவள் கண்ணை மூடித் திறந்தாள்.

போன் அடித்தது. எடுத்துக்கொண்டு முன்வாசல் படிக்கட்டுக்குப் போனான். கண்ணாடிக் கதவுக்கு அப்பால் அவன் முதுகு தெரிந்தது.

"அவரு பொறந்த நாளுங்க," என்றாள் அவள். "பளபளன்னு இருக்கட்டும்னு தேய்ச்சேன்."

அழவில்லை.

சேதுமாதவன் லென்ஸைக் கழற்றாமலே பேசினார்.

"இந்தப் பீரோவுக்குப் பின்னாடி ஒரு கதவு இருக்கும்மா. எறங்குனா பஸ் ஸ்டாண்டு. அக்கா தங்கச்சி யாராச்சும் இருக்காங்களா?"

"தாராபுரத்துல."

எழுந்தாள். செருப்பு முன்வாசலில், அவன் நின்ற இடத்தில் கிடந்தது. அதைப் பார்த்தாள். பிறகு வெறுங்காலோடு பீரோவைத் தாண்டிப் போனாள்.

தாழ்ப்பாள் விலகும் சத்தம். இறங்கும் சத்தம் கேட்கவில்லை.

பூபதி திரும்பி வந்தான்.

"எங்கீங்க அவ?"

"பாத்ரூம் கேட்டாங்க. உட்காருங்க."

உட்கார்ந்தான். காலி நாற்காலியைப் பார்த்தான். கைக்கடிகாரத்தைப் பார்த்தான்.

"எழுதியாச்சுங்களா?"

சேதுமாதவன் விளக்கை இன்னும் அருகே இழுத்தார். டாலரைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

"இன்னும் மறுபக்கம் பார்க்கலைங்க," என்றார்.

மெல்லத் திருப்பினார். அங்கே பொறித்திருந்த கழுகின் இறகுகளை ஒவ்வொன்றாகப் பார்க்கத் தொடங்கினார்.