அளவுக்கு மேல் இழுத்தவள்

"இன்னும் சூடு ஆறலை" என்றார் செயலாளர், குனிந்து தொட்டுப் பார்த்துவிட்டு. வண்டி நிறுத்துமிடத்தில் சுற்றி நின்றவர்கள் ஓரடி பின்வாங்கினார்கள்.

அவர் தொட்டது ஸ்கூட்டர் சார்ஜரை. செங்கல் அளவிலிருந்த அந்தக் கறுப்புப் பெட்டிதான் கட்டடத்தின் பொது லைனைத் தினமும் சாய்க்கிறது என்பது அவருடைய கண்டுபிடிப்பு. நேற்று லிஃப்ட் பாதியில் நின்றபோது உள்ளே இருந்தவரும் அவரேதான். குடியிருப்போர் சங்கத்தின் மானம் அரை மாடி உயரத்தில் வெகுநேரம் தொங்கியது.

"பொது லைன்ல கரண்ட் லிமிட்டர் மாட்டினது நான். யார் அளவுக்கு மேல இழுத்தாலும் பட்டுனு விழும். இழுக்கறது நீதாம்மா! நாளையிலேருந்து உன் வண்டி கேட்டுக்குள்ள வரக்கூடாது."

வண்டிக்குச் சொந்தக்காரி மாடியில் குடியிருக்கும் நர்ஸ். வீடு வீடாகப் போய் ஊசி போடுபவள். இங்கே சார்ஜ் இல்லையென்றால் அவளுக்குப் பிழைப்பும் இல்லை.

"சார்ஜ் போட உங்க சங்கம்தானே அனுமதி குடுத்துச்சு? சூடா இருந்தா குத்தமா? நீங்ககூடத்தான் எப்பவும் சூடா இருக்கீங்க. உங்களை கேட்டுக்கு வெளியவா நிறுத்தறோம்?"

யாரோ சிரித்தார்கள். செயலாளர் திரும்பிப் பார்த்ததும் சிரிப்பு இருமலாகிவிட்டது.

வாட்ச்மேன் தலையைச் சொறிந்தார். "சார், நான் ஒண்ணு..."

"உன்னை யாருய்யா கேட்டா?"

செயலாளர் ஆள்காட்டி விரலை உயர்த்தினார். அது உயர்ந்தால் சொற்பொழிவு என்று பழகியவர்கள், சாய்ந்துகொள்ளத் தூண் தேடினார்கள்.

"பாட்டரி காலியா இருக்கறப்பதான் பேயா கரண்ட் இழுக்கும். நிறைய நிறைய, சார்ஜரே குறைச்சுக்கும். பச்சை விளக்கு வந்துட்டா சும்மா பேருக்குத்தான். அதனால காலி பாட்டரியோட சொருகிக் காட்டு. உன் வண்டவாளம் தெரிஞ்சுடும்."

"சார்ஜ் ஏறறதுக்குள்ளதான் லைன் விழுந்துடுதே, இன்னும் காலியாத்தான் இருக்கு. ஆனா எவ்வளவு காலியா இருந்தாலும் இந்தப் பெட்டி ஓரளவுக்கு மேல விடாது, சார். அதுக்குள்ளயே ஒரு லிமிட்டர் இருக்கு. உங்களுக்குத்தான் இல்லை. லைன் விழலைன்னா என்ன பண்ணுவீங்க?"

"செயலாளர் பதவியையே விட்டுடறேன்!"

கூட்டத்தில் முதல்முறையாக ஓர் உற்சாகம் தெரிந்தது.

அவள் சொருகினாள். சிவப்பு விளக்கு எரிந்தது. எல்லோர் பார்வையும் சுவரிலிருந்த சுவிட்ச் பலகைக்குத் தாவியது. ஒன்றும் நடக்கவில்லை. நேரம் போகப் போக, லிமிட்டர் நிமிர்ந்தே நின்றது. செயலாளர்தான் கொஞ்சம் கொஞ்சமாகக் கூனிப்போனார்.

"என்ன சார், ராஜினாமாவை எழுதித் தர்றீங்களா, வாயாலயே சொல்லிடறீங்களா?"

மேலே, முதல் மாடிப் பக்கம், ஏதோ உறுமிக்கொண்டு விழித்தது. அடுத்த நொடி, பட்! பொது விளக்குகள் அணைந்தன. லிஃப்ட் ஒரு முனகலோடு அடங்கியது.

"விழுந்துச்சா? விழுந்துச்சா?" செயலாளர் குதித்தார். அந்தத் தொப்பைக்கு அது பெரிய குதிதான். "சயின்ஸும்மா இது, சயின்ஸ்! ஆளைப் பார்த்துப் பொய் சொல்லாது. நாளைக்குன்னு சொன்னேன்ல? இப்பவே எடு வண்டியை!"

நர்ஸ் அணைந்துபோன சார்ஜரையே வெறித்துக்கொண்டு நின்றாள். சற்றுமுன் சிரித்தவர்கள்கூட, "எடுத்துடும்மா, எதுக்கு வம்பு?" என்று முணுமுணுக்கத் தொடங்கினார்கள். அவள் வண்டிச் சாவியைத் தேடினாள்.

வாட்ச்மேனின் போன் அலறியது. அவர் பதறிப்போய் அதை அணைக்கப் பார்த்தார்.

"தீர்ப்பு சொல்ற நேரத்துல என்னய்யா போன்?" செயலாளர் அதைப் பிடுங்கி ஏதோ ஒரு பட்டனை அமுக்கினார். காதில் வைத்தால் கேட்காத பழைய போன் அது, ஸ்பீக்கரில்தான் பேசும்.

பேசியது அவருடைய மனைவி.

"வாட்ச்மேன், பொது லைன்ல மாட்டியிருக்கற நம்ம ஏசியப் போட்டேன், லைன் மறுபடி விழுந்துடுச்சு. சார் பாக்கறதுக்குள்ள சுவிட்சைத் தூக்கி விட்டுடுப்பா!"