பாரம்பரியச் சாக்கடை

எங்கள் தெருச் சாக்கடை போன மாதம் பாரம்பரியச் சின்னமாகிவிட்டது. வரலாற்றுக்கென்று ஒதுக்கிய நிதியை வேறெதற்கும் தொடக் கூடாது என்று நாங்கள்தான் தெருவில் உட்கார்ந்து போராடிச் சட்டம் வாங்கினோம். நகராட்சி அந்தச் சட்டத்தை மீறவே இல்லை. சாக்கடையை வரலாறாக்கிவிட்டது, அவ்வளவுதான். அதைத் தூர்வாரி முப்பது வருஷமாகிவிட்டது. அந்தத் தொன்மை போதுமாம்.

இப்போது அந்த நிதியில் சாக்கடைக்கு வேலி, வண்ண விளக்கு, காவலுக்கு ஓர் இயந்திரம். கொசு மருந்தோடு கிட்டே போனால், "பாரம்பரியத்தைத் தொடாதீர்கள்!" என்று அது கத்துகிறது.

எங்கள் ஊர் வரலாற்று மன்றத்துக்கு மட்டும் காசு மிஞ்சவில்லை. செயலாளர் என்ற பாவத்துக்கு, மன்றத்தின் வாடகை அறையைக் காலி செய்து, எங்களிடமிருந்த நடுகல்லைக் கொண்டுவந்து என் வீட்டு வாசலில் சாய்த்து வைத்தேன். ஏரிக்கரையைக் காத்துச் செத்த ஒரு வீரனுக்கு ஊர் நட்ட கல் அது.

நேற்று நகராட்சிப் பொறியாளர் தண்டபாணி வந்தார்.

"மேடம், இந்தக் கல்லு சாக்கடையை மறைக்குது. வர்றவங்க போட்டோ எடுக்க முடியல."

"சார், இது பல்லவர் காலத்துக் கல்லு!"

அவர் முகம் மலர்ந்துவிட்டது. குனிந்து வீரனின் மார்பைத் தட்டிப் பார்த்தார்.

"அப்படியா? ரொம்ப நல்லதாப் போச்சு மேடம். நாலா உடைச்சுக் கரையில பதிச்சிடறோம். சாக்கடை பாக்கறதுக்குக் கொஞ்சம் பழசாத் தெரியணும்னு மேலிடத்துல கேட்டுட்டே இருக்காங்க."