புனிதருக்கு வழி விடுங்கள்

மஞ்சள் சட்டைக்கு இருக்கிற மரியாதை ராஜாவுக்குக்கூடக் கிடையாது என்பது ரோலண்டின் கட்சி. மேலே மின்னுகிற மஞ்சள் சட்டை, கழுத்தில் ஓர் அட்டை, இடுப்பில் வாக்கிடாக்கி. படப்பிடிப்பு நடக்கிற ஊரில் இந்த மூன்றும் இருந்தால் ஊரையே பெயர்த்துக்கொண்டு போகலாம். ஏன் என்று ஈ காக்கைகூடக் கேட்காது.

லாம்ஸ்ஹோல்ம் தீவில் ஆறாவது வருஷமாக அந்தத் துப்பறியும் தொடரை எடுத்துக்கொண்டிருந்தார்கள். சுண்ணாம்புப் பாறைக் கரையில் வாரத்துக்கு ஒரு பிணம் ஒதுங்கும். இன்றைக்குப் படக்காரக் கூட்டம் மொத்தமும் பிணத்தோடு தெற்குக் கரையில் இருந்தது. படக்காரர்கள் மாதிரியே மஞ்சள் சட்டையை மாட்டிக்கொண்டு ரோலண்ட் வேனைத் தேவாலய வாசலில் கொண்டுபோய் நிறுத்தினான்.

அவனுக்கு வேண்டியது உள்ளே இருந்த புனித ஊலோஃப். கையில் கோடாலி, தாடியில் பாதி உதிர்ந்த வர்ணம், எண்ணூறு வயதான மரச்சிலை. தொடரில் அதைப் பார்த்துச் சொக்கிப்போன பழம்பொருள் வியாபாரி வெஸ்டர்பேரி, "அதைத் தூக்கிட்டு வா" என்று சொல்லியிருந்தார். எந்தச் சிலை வந்தாலும் விரலால் ஒரு தட்டு தட்டிப் பார்ப்பார். சரக்கு சொத்தை என்றால் கொண்டுவந்தவனைத் தட்டத் தனி ஆள் வைத்திருந்தார். போன தடவை சொதப்பியதற்கே ரோலண்ட் இன்னும் இடது காலை இழுத்து இழுத்துத்தான் நடக்கிறான். இந்தத் தடவையும் சொதப்பினால் வலது காலும் போய்விடும்.

கதவு பூட்டியிருக்கவில்லை. இந்தத் தீவில் யார் எதைப் பூட்டினார்கள்? ஆனால் உள்ளே ஒரு பெண்மணி மெழுகு சுரண்டிக்கொண்டிருந்தாள். கோயிலைப் பார்த்துக்கொள்ளும் ஆல்வா. ரோலண்ட் கழுத்து அட்டையைத் தூக்கிக் காட்டினான்.

"சிலையை... படப்பிடிப்புக்கு எடுத்துட்டு வரச் சொன்னாங்க."

"தாராளமா எடுத்துட்டுப் போங்க தம்பி." அட்டையை அவள் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. "தனியாவா தூக்கப்போறீங்க? இடுப்பு ஒடிஞ்சிடும். இருங்க." வாசலுக்கு ஓடினாள். "ஏய் ஹெல்மெர்! ஆட்டுக்கு அப்புறமா மயிர் வெட்டலாம், ஆளுங்களைக் கூட்டிட்டு வா!"

ஹெல்மெர் இரண்டு பேரோடும் கயிறோடும் வந்தான். ஒருவன் கதவுக்குக் கல் முட்டுக் கொடுத்தான். கல்யாண வீட்டுக்கு அண்டா இறக்குகிற உற்சாகத்தோடு புனிதரை வேனில் ஏற்றினார்கள். எதற்கும் ஒரு தட்டு தட்டிப் பார்ப்போம் என்று ரோலண்ட் கையை நீட்டினான். அதற்குள் ஆல்வா கம்பளியைச் சுற்றிக் கட்டிவிட்டாள்.

"குளிர் காத்து ஆகாது, தம்பி."

"திரும்ப எப்போ வரும்?" என்று ஹெல்மெர் கேட்டான்.

ரோலண்டுக்குத் திக்கென்றது. "சாயங்காலமே வந்துடும்."

ஹெல்மெரின் முகம் வாடிப்போயிற்று. பாவம், ஒரு பொழுதுகூடப் பிரிந்திருக்க முடியவில்லை போலிருக்கிறது என்று ரோலண்ட் நினைத்துக்கொண்டான். இப்படிப்பட்ட வெள்ளந்திகளை ஏமாற்றுகிறோமே என்று கொஞ்சம் கூச்சமாகக்கூட இருந்தது.

வண்டிகளை ஏற்றிப்போகிற படகின் துறைக்கு வந்தால் கூச்சமெல்லாம் பறந்துபோயிற்று. தொடர் பார்த்துவிட்டு வந்த ரசிகர்களின் வண்டிகள் மலையடி வரைக்கும் வரிசையில் நின்றன. இந்தப் படகை விட்டால் படக்காரர்களுக்குத் தெரிந்துவிடும். தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவனைத் தாண்டி ஒரு சைக்கிள் பறந்தது. ஆல்வா!

"புனிதருக்கு வழி விடுங்க! வேனை உள்ளூர் வரிசைக்கு விடுங்க!"

பிஷப் வந்தபோதுகூட உள்ளூர் வரிசையில் விடாத ஊர் அது. ரோலண்டின் வேன்தான் முதலில் படகேறியது.

கரை விலகியதும் அவனுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. படகில் வேலை செய்யும் தூரே காப்பியும் குங்குமப்பூ கேக்கும் கொண்டுவந்து நீட்டினான்.

"ஆல்வா கொடுத்துவிட்டா. நல்லாச் சாப்பிடுங்க, தம்பி."

தீவில் வீட்டுக்கு வீடு, விசேஷ நாளில் ஏற்றுகிற கொடி ஏறிக்கொண்டிருந்தது. தேவாலய மணி வேறு விடாமல் அடித்தது.

"இன்னைக்கு யாருக்குப் பொறந்தநாள்?"

"பொறந்தநாளா? அந்தச் சனியன் தொலையுதுல்ல, அதுக்குத்தான்."

"எந்தச் சனியன்?"

"உங்க வேன்ல இருக்கிறதுதான். எங்க ஊலோஃபைப் பார்த்துட்டு அந்த டைரக்டர், 'பழசு மாதிரியே தெரியலையே'ன்னு உதட்டைப் பிதுக்கினாரு. பிளாஸ்டர்ல இந்தாளைச் செஞ்சு நிறுத்திட்டாரு. எங்காளு பாதிரியார் வீட்டு நிலவறையில உருளைக்கிழங்கோட கிடக்கறாரு. இவரைக் கட்டிப்பிடிச்சுப் போட்டோ எடுக்க வர்ற கும்பல் இருக்கே, அப்பப்பா! வயல் பூரா கூடாரம். ஹெல்மெர் பெண்டாட்டிக்குப் படகு வரிசையிலேயே பிரசவம் ஆயிடுச்சுன்னா பாருங்க! தூக்கிப் போடலாம்னா, தொடர் முடியற வரைக்கும் கோயில்ல இருக்கும்னு பாதிரியார் வாக்குக் கொடுத்துத் தொலைச்சுட்டாரு. திருட்டுப் போனா நாங்க என்ன பண்ண முடியும், சொல்லுங்க?"

காப்பி கொட்டியது தெரியாமல் ரோலண்ட் வேனுக்கு ஓடினான். கம்பளியை விலக்கித் தட்டினான். புனிதரின் மூக்கு உதிர்ந்து அவன் காலடியில் வெள்ளைத் தூளாக விழுந்தது.

எதிர்க் கரையில் வெஸ்டர்பேரியின் கார் நின்றது. கதவில் சாய்ந்தபடி, கால் தட்டுகிறவனும் நின்றான்.

"அண்ணே, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்! நான் இங்க இறங்கவே மாட்டேன். இந்தப் படகுலயே திரும்பி வந்து, இதை இருந்த இடத்துலயே வெச்சிடறேன்!"

தூரே அவன் முதுகைப் பரிவோடு தடவிக்கொடுத்தான்.

"போன வருஷம் வந்த திருடனும் மனசாட்சி உறுத்துதுன்னு திரும்பக் கொண்டுவந்து வெச்சுட்டான், தம்பி, அதனால இந்தத் தடவை சிலையோட போற வண்டியைத் திரும்ப ஏத்தக் கூடாதுன்னு ஊர்க்கூட்டத்துல முடிவு பண்ணியாச்சு."