கூப்பிடு தூரம்

வத்தல் மண்டி தவசிமுத்து சொன்ன விலைக்கு எதையும் வாங்கியவர் அல்ல. இருபது வருஷச் சர்க்கரை உடம்பைச் சுமந்துகொண்டு லேபுக்கு வந்தவர், கிட்னி ரிப்போர்ட்டைப் பார்த்ததும் வழக்கம்போல உதட்டைப் பிதுக்கினார்.

“என்னம்மா ஜெசிந்தா, கிரியேட்டினின் ரெண்டரையா? போன தடவை ஒண்ணு புள்ளி எட்டுதான? ரெண்டுன்னு முடிச்சிருவோம்.”

“மெஷின் சொல்லுது அண்ணாச்சி. எங்கையில என்ன இருக்கு?”

“அப்ப எனக்கு வேண்டாம். நீயே வச்சுக்கோ.”

ரிப்போர்ட்டை மேஜையிலேயே விட்டுவிட்டு எழுந்தார். எந்தக் கடையிலும் பத்தடி போவதற்குள் பின்னாலிருந்து கூப்பிட்டுவிடுவார்கள். வாசலில் வீங்கிய காலைச் செருப்புக்குள் மெதுவாக நுழைத்தார். அதைவிட மெதுவாகப் படியிறங்கினார். ஒன்பதாவது அடியில், மூச்சு வாங்குகிறவர்போல நின்றார்.

உள்ளேயிருந்து ஜெசிந்தாவின் குரல் கேட்டது. அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.