மூன்றாவது அழைப்பு

பெயரை மூன்று தரம் கூப்பிடுவார்கள். யாரும் பதில் சொல்லக்கூடாது. செத்தவனுக்கு அங்கே அதுதான் மரியாதை.

அவள் முன்வரிசையில் இருந்தாள். சேலைக்கு மேல் குளிரங்கி. அதில் நினைவு நாளுக்குக் குத்தும் சிவப்புப் பொப்பிப் பூ. காலையிலிருந்து இரண்டு தரம் ஊசி கழன்று விழுந்துவிட்டது. ஒரு குண்டூசியை ஒழுங்காகச் செய்யத் தெரியாத நாடு.

பக்கத்தில் கணவர். சப்பாத்தைத் துடையுங்கோ என்று நேற்றே சொல்லியிருந்தாள். துடைக்கவில்லை.

பதினாறு வருடங்களாக, நவம்பர் பதினோராம் தேதி, செத்த படைவீரர்களின் நினைவு நாளில், இந்தப் படைப்பிரிவு மண்டபத்தில் கூப்பிட்டது அவருடைய பெயரைத்தான்.

கோப்ரல் நல்லைநாதன்.

நல்லைநாதன் உயிரோடு அவளுக்குப் பக்கத்தில் இருந்து இருமிக்கொண்டிருப்பார்.

கனடாவில் வந்து இறங்கிய அன்று, குடும்பப் பெயர் என்றிருந்த கட்டத்தில் அவர் தன் பெயரை எழுதினார். வேறு எதை எழுதுவது? எங்கள் ஆட்களுக்கு ஏது குடும்பப் பெயர்? அன்றிலிருந்து வீட்டில் எல்லோரும் நல்லைநாதன். மகன் பட்டாளத்தில் சேர்ந்தபோது அதைத்தான் சட்டையில் தைத்துக் கொடுத்தார்கள். கந்தகார்ப் போர்முனையிலிருந்து பெட்டி வந்தபோது பெட்டியோடு வந்த தாள்களிலும் அதுவே. கல்லறையில் அது பெரிய எழுத்தில். முன்னால், பிள்ளையின் பெயருக்கு ஒரேயொரு எழுத்து.

பிள்ளையின் பெயர் துவாரகன். அவள் தேடி வைத்த பெயர்.

அதையே கூப்பிடுங்கள் என்று கேட்க படைப்பிரிவு அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுப்பாள். இறந்த வீரரின் பெயர் என்ன என்று மறுமுனையில் கேட்பார்கள். துவாரகன் என்பாள். குடும்பப் பெயர் வேண்டும் என்பார்கள். புருஷன் பெயரை அவள் ஒருநாளும் வாயால் சொன்னதில்லை. தொலைபேசியை அவரிடம் நீட்டுவாள்.

"ஏன், நீர் சொன்னா நான் செத்துப் போயிடுவனே?" என்பார் அவர். "அவங்கள் வருசா வருசம் என்னைச் சாக்காட்டுறாங்கள். நான் குத்துக்கல்லு மாதிரி இருக்கிறன்."

இருந்தும் அவள் சொல்லவில்லை.

கடிதங்கள் எழுதினாள். வருடத்துக்கு ஒன்று. அகராதி பார்த்து, திருத்தி, நல்ல தாளில் எடுத்தெழுதி. திருமதி நல்லைநாதன், உங்கள் மகனின் தியாகத்தை மறக்கமாட்டோம் என்று பதில் வரும். நடைமுறையை மாற்ற முடியாது என்று முடியும்.

மறக்கமாட்டார்களாம். பெயரே தெரியாது.

பிறகு மகளும் அதே படைப்பிரிவில் போய்ச் சேர்ந்தாள். காயப்பட்டவர்களுக்கு மருந்து கட்டும் வேலை. அண்ணன் போனபோது ஆரணிக்கு ஒன்பது வயது. கையெழுத்து வைத்துவிட்டு வந்துதான் தாய்க்குச் சொன்னாள். தாய் மூன்று நாள் பேசவில்லை. நாலாம் நாள் அந்தச் சீருடையை எடுத்து மினுக்கினாள். கசங்கிய சட்டையோடு பிள்ளையை வெளியே விடும் வழக்கம் அவளுக்கு இல்லை.

இப்போது ஒரே அணியில் இரண்டு நல்லைநாதன். ஒன்று பதில் சொல்ல வேண்டும். ஒன்று சொல்லக்கூடாது. போன மாதம் ஆரணி சார்ஜன்ட்டிடம் கேட்டாளாம், அண்ணாவை அவனுடைய சொந்தப் பெயரால் கூப்பிடலாமா என்று.

கூப்பிடலாமே என்றாராம்.

பதினாறு கடிதம்.

சார்ஜன்ட் முன்னால் வந்து பட்டியலை விரித்தார். முதலில் உயிரோடு இருப்பவர்கள். ஒவ்வொருவராகப் பதில் சொன்னார்கள்.

"நல்லைநாதன்."

அணியின் இரண்டாம் வரிசையிலிருந்து ஆரணி உரத்துப் பதில் சொன்னாள். கணவர் வழக்கம்போல நிமிர்ந்து உட்கார்ந்தார்.

பிறகு சார்ஜன்ட் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"துவாரகன்."

சரியாகச் சொன்னார். ஒரு கிழமையாக ஆரணியிடம் சொல்லிப் பழகினாராம்.

மண்டபம் அமைதியானது.

இந்த அமைதி அவளுக்குப் பழக்கம். ஒவ்வொரு வருடமும் இந்த நேரத்தில் பொப்பி ஊசியைச் சரிசெய்வாள். இருமுகிறவரைப் பார்த்து முறைப்பாள். கூப்பிடுவது அவளுடைய பிள்ளையை அல்ல.

இன்றைக்குக் கை ஊசிக்குப் போகவில்லை.

"துவாரகன்."

சாப்பிடக் கூப்பிட்டால் முதல் தரம் அவனுக்குக் காது கேட்காது. இரண்டாம் தரமும் கேட்காது. கீழே பேஸ்மென்டில் கணினிக்கு முன்னால் கதிரையில் உட்கார்ந்திருப்பான். மேலே புட்டு ஆறிக்கொண்டிருக்கும். எத்தினை தரமடா கூப்பிடுறது என்று படியில் நின்று கத்துவாள். மூன்றாம் தரம்தான் கதிரை இழுபடும் சத்தம் கேட்கும். வாறன் அம்மா என்பான். இரண்டிரண்டு படியாகத் தாவி வருவான்.

ஒருநாளும் மூன்றைத் தாண்டியதில்லை.

கணவர் கைக்குட்டையை வாயில் அழுத்திக்கொண்டார். ஆரணி நேரே பார்த்தபடி நின்றாள்.

"துவாரகன்."

எங்கோ பின்வரிசையில் ஒரு கதிரை கிரீச்சிட்டது.

அவள் திரும்பிப் பார்த்தாள்.

சார்ஜன்ட் பட்டியலை மடித்தார்.

நாலாம் தரம் கூப்பிட அவள் மூச்சை இழுத்தாள்.