பௌர்ணமிக்கு ஒரு தொலைநோக்கி

“விபூதி போட்டா தேய்ச்சீங்க?”

கண்ணாடிக்கடை ஜியாவுல்லா லென்ஸைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

“லாந்தர் சிம்னியை அப்படித்தானே தேய்ப்போம், பாய்? பளபளன்னு ஆயிடுமேன்னு...” சகாதேவன் இழுத்தார்.

“விபூதி நெத்திக்குண்ணே. இதுக்கு இல்ல. பாருங்க, பூனை பிறாண்டின மாதிரி கோடு கோடா! மூடி ஒண்ணு கொடுத்தேனே, அது எங்க?”

“அதைப் பச்சையம்மா கடலை மாவு டப்பாவுக்குப் போட்டுட்டா. இதோட அருமை அவளுக்கு எங்க தெரியும்? திட்டறதை அப்புறம் திட்டுங்க, பாய். இப்ப தெரியுமா, தெரியாதா?”

அடி அண்ணாமலையில், சகாதேவன் வீட்டுப் பின்புறத் தோட்டத்தில், முக்காலி மேல் வெள்ளை பெயிண்ட் அடித்த தகரக் குழாய் லென்ஸ் இல்லாமல் நின்றது. எண்பத்தாறில் வால்நட்சத்திரம் வருகிறது என்று பத்திரிகைகள் எழுதித் தள்ள, சகாதேவனும் மார்கழி மாதம் ஜியாவுல்லாவிடம் சொல்லிச் செய்து வாங்கிய தொலைநோக்கி அது. இன்று பங்குனிப் பௌர்ணமி. பொழுது சாய்ந்துகொண்டிருந்தது.

ஜியாவுல்லா இங்க் பில்லரின் ரப்பரை அமுக்கி அமுக்கி லென்ஸின் மேல் காற்றடித்தார். பேட்டரிக்கு ஊற்றும் சுத்தத் தண்ணீரில் மல் துணியை நனைத்து, அழுத்தாமல் ஒற்றி எடுத்தார்.

“சீக்கிரம், பாய்.”

“என்ன அவசரம்? பௌர்ணமி வெளிச்சத்துல வால்நட்சத்திரம் தெரியவே தெரியாது. அமாவாசைக்கு வைங்க, அமாவாசைக்கு வைங்கன்னு எத்தனை வாட்டி சொன்னேன்?”

“நிலாவைப் பார்க்கலாம் இல்ல?”

“நிலா இன்னும் மலைக்குப் பின்னால கெடக்கு. அது ஏறி வர நேரமாவும்.”

லென்ஸை மாட்டினார். முக்காலியின் ஒரு கால் தண்ணீர் பாய்ந்த மண்ணில் புதைந்திருந்தது. அதன் அடியில் செங்கல் ஒன்றைக் கொடுத்து நிமிர்த்தினார். பிறகுதான் கவனித்தார். குழாய் வானத்தையே பார்க்கவில்லை. நிலக்கடலைக் கொல்லையைத் தாண்டி, கிரிவலப் பாதையைப் பார்த்துப் படுத்திருந்தது.

கண்ணை வைத்தார். இந்த மாதிரித் தொலைநோக்கியில் எல்லாமே தலைகீழாகத்தான் தெரியும். பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் சாமியார்கள் வரிசையாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். சகாதேவனின் மனைவி பச்சையம்மாள் பரிமாறிக்கொண்டிருந்தாள்.

“அட, நம்ம அண்ணி! அன்னதானம் பலமா நடக்குதே. ஆமா, அந்தக் கடைசி இலையில, தாடியோட... அண்ணே! நம்ம வேணு!”

“கத்தாதீங்க!” சகாதேவன் அவர் தோளை இறுக்கிப் பிடித்தார்.

ஊருக்கே தெரிந்த கதைதான். ஒரே மகன் வேணு காவி கட்டிக்கொண்டு கிளம்பிய அன்று, சகாதேவன் தெருவில் நின்று, மலையைக் கைகாட்டிச் சத்தியம் செய்தார். இனி அவன் முகத்தில் விழிக்க மாட்டேன் என்று.

“பௌர்ணமிக்குப் பௌர்ணமி மலை சுத்த வரான்,” என்றார் சகாதேவன், குரலைத் தணித்து. “அன்னதானம்னு சொல்லிட்டு இவ அவனுக்குச் சோறு போடறா. எனக்குத் தெரியாதுன்னு நெனப்பு. வெறுங்கண்ணுல பார்த்தா எல்லாம் ஒரே காவியா இருக்கு, பாய். எவன் என் புள்ளைன்னு தெரியலை. அதான்...”

“அப்ப வால்நட்சத்திரம்?”

“அது வந்தா எனக்கென்ன, போனா எனக்கென்ன?”

“சத்தியம் பண்ணீங்களே, இது மட்டும் முழிக்கறது இல்லையா?”

“தலைகீழாத்தானே தெரியறான்? அது கணக்குல வராது.”

ஜியாவுல்லாவுக்குச் சிரிப்பு வந்தது. சகாதேவனின் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது.

“கொல்லையைத் தாண்டினா ரோடு. நேர்லயே போய்ப் பார்த்துடுங்களேண்ணே.”

“ஊரைக் கூட்டிச் சத்தியம் பண்ணவன் நான். இந்தத் திருட்டுத்தனம் அவளுக்குத் தெரிஞ்சா, வாயால ஒண்ணும் கேக்க மாட்டா. ஒரு பார்வை பார்ப்பா. அதுக்கப்புறம் அந்த வீட்டுல நான் எப்படித் தலை நிமிர்ந்து உக்கார்றது? நவுருங்க, பாய். சாப்பிட்டு முடிச்சான்னா கெளம்பிடுவான்.”

அவசரமாகக் குனிந்தவரின் முழங்கால் முக்காலியில் இடித்தது. செங்கல் நழுவ, குழாய் எங்கோ திரும்பிக்கொண்டது.

“போச்சு! புளியமரம் தெரியுது!”

“பதறாதீங்க. நூல் அளவு தள்ளினாலே அங்க ஜாஸ்தியா நகரும். எதிர்ப்பக்கம் தள்ளுங்க, இதுல எல்லாம் மாறித்தான் தெரியும்.”

“மாட்டு வண்டி... யாரோ ஒருத்தரோட கால்... ஐயோ, இலையை மடிக்கறாங்க, பாய்! ஒவ்வொருத்தரா எழுந்திருக்கறாங்க!” சகாதேவன் குழாயை இப்படியும் அப்படியும் தள்ளினார். “அவனைக் காணோமே!”

கொல்லைக்கு அப்பால், பாதையோரத்தில், வேணுவும் இலையை மடிக்கக் கை வைத்தான். சாம்பார் வாளியோடு பச்சையம்மாள் அவன் எதிரே வந்து நின்றாள்.

“சாமிக்கு இன்னும் கொஞ்சம் ஊத்தட்டுங்களா?” என்று நாலு பேர் காதில் விழும்படி கேட்டாள்.

பிறகு கரண்டியைச் சாய்க்கிற சாக்கில் குனிந்து, அவனுக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னாள்:

“எழுந்துக்காதடா. வீட்டுப் பக்கமா கொஞ்சம் திரும்பி உக்காரு. குழாய் இன்னும் ஆடிக்கிட்டே இருக்கு, உங்கப்பாவுக்கு நீ இன்னும் கெடைக்கலை.”