மார்த்தா வீட்டுக் கரிக்கயிறு

"இராமையா, படியில காலை வைக்காதே. அங்கேயே நில்லு."

முதல் மாடி பால்கனியிலிருந்து மார்த்தா போட்ட அதட்டலில் கரிவண்டிக்கார இராமையாவோடு, எதிர்ச்சாரியில் மீன்சாறு ஊற்றிய மோகிங்கா விற்றுக்கொண்டிருந்த பர்மாக்காரியும் கரண்டியைத் தூக்கியபடி நின்றுவிட்டாள்.

மார்த்தாவைக் குற்றம் சொல்லவும் முடியாது. கடைகளையெல்லாம் சர்க்கார் எடுத்துக்கொண்ட பிறகு ரங்கூனில் நல்ல சுண்ணாம்பு கிடைப்பது குதிரைக்கொம்பு. அவள் கணவர் சூசைராஜ் இன்சீன் வரைக்கும் ரயிலில் போய், யார் யாருடைய காலையோ பிடித்து வாங்கி வந்து வெள்ளையடித்திருந்தார். வெள்ளையடித்து இன்னும் ஒரு மாதம்கூட ஆகவில்லை. கிறிஸ்துமஸ் வரைக்கும் அதில் ஒரு கறை விழக்கூடாது என்பது மார்த்தாவின் வைராக்கியம்.

அதனால் கரி வரும் நாளில் அந்த வீடு சண்டைக்குத் தயாராவதுபோல் தயாராகும். நாற்காலிகளுக்குப் பழைய வேட்டி சுற்றியாகிவிடும். மாதா சொரூபத்தின் தலையில் துண்டு விழும். தரை முழுக்கப் பழைய பத்திரிகை. அப்படியும் கரி வாசல் வழியாக வராது. பால்கனிக் கயிற்றில்தான் வரும்.

மாடிக்கு மாடி கயிறு தொங்குவது ரங்கூனில் சகஜம். காலையில் பத்திரிகையும் சாயங்காலம் வடையும் அதில்தான் ஏறும். கரிமூட்டையையும் ஏற்றலாம் என்று கண்டுபிடித்தவள் மார்த்தா. இழுத்தவர் சூசைராஜ். ஆபீஸில் பேனாவைத் தவிர எதையும் தூக்கி அறியாத அவர், கை கொப்பளித்தும் வாயைத் திறக்கவில்லை. திறந்து பழக்கமும் இல்லை.

இரண்டாம் மாடி கனகாம்பாளுக்கு இது பொறுக்கவில்லை. அவளுக்கு இரக்க சுபாவம். இராமையா மூட்டையைச் சுமந்துகொண்டு தன் வீட்டுக்குப் படியேறி வந்தால் உட்காரச் சொல்வாள், தண்ணீர் கொடுப்பாள். கொடுத்ததைத் தெருக்கோடி வரைக்கும் சொல்லுவாள்.

அன்றைக்கு அவள் மூன்றாம் மாடிப் பர்மாக்காரி டோ தின்னையும் துணைக்குக் கூட்டிக்கொண்டு மார்த்தாவின் வாசலுக்கே வந்துவிட்டாள்.

"ஏன் மார்த்தா, அவனும் மனுஷன்தானே? உள்ளே வந்தா உன் வீடு தீட்டாயிடுமா? ஞாயித்துக்கிழமை தவறாம கோயிலுக்குப் போறியே, சாமியார் இதைத்தான் சொல்லிக் கொடுத்தாரா?"

டோ தின் அரைகுறைத் தமிழில், பாவம் பாவம் என்று தலையை ஆட்டினாள்.

மார்த்தாவுக்குக் காது சுட்டது. சுவரைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தாள். ஒரு மனுஷனுக்கு எதிராகச் சுண்ணாம்பைச் சாட்சிக்கு அழைப்பது நன்றாக இருக்காது என்று தோன்றியது. இராமையாவை உள்ளே விட்டால் வீடு போச்சு, விடாவிட்டால் மானம் போச்சு.

காலிச் சாக்கை வாங்கிப்போக அடிப்படியில் காத்திருந்த இராமையாவுக்கு இவ்வளவும் கேட்டுவிட்டது.

"அம்மாவை ஒண்ணும் சொல்லாதீங்க" என்றான் கீழேயிருந்து. "எனக்கு நெஞ்சுல கோளாறு. சுமையோட மாடி ஏறக்கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு. கரி டிப்போவுல தெரிஞ்சா வேலை போயிடும்னு யாருகிட்டயும் சொல்லலை. இந்த அம்மா ஒருத்தங்கதான் என் முகத்தைப் பார்த்தே புரிஞ்சுக்கிட்டாங்க. நான் கூச்சப்படக்கூடாதுன்னு சுவரைச் சொல்லி, படியேற விடாம பார்த்துக்கிட்டாங்க."

கனகாம்பாள் வாசலிலிருந்து ஓரடி பின்வாங்கினாள். இத்தனை நாளும் அவனை இரண்டு மாடி ஏறவைத்து, ஏறிய களைப்புக்குத் தண்ணீர் கொடுத்தவள் அவள்தான். டோ தின் மார்த்தாவைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

இராமையாவின் நெஞ்சைப் பற்றி மார்த்தாவுக்கு ஒரு மண்ணும் தெரியாது. அவன் முகத்தை அவள் சரியாகப் பார்த்ததுகூட இல்லை. அவள் பார்த்ததெல்லாம் அவன் காலைத்தான்.

உண்மையைச் சொல்லிவிட அது நல்ல சமயம். சூசைராஜ்கூட ஆவலோடு மனைவியின் வாயைப் பார்த்தார்.

மார்த்தா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"இதையெல்லாம் வெளியில சொல்லிக்கிறதா கனகா? ஏதோ நம்மால முடிஞ்சது."

விஷயம் தெருவைத் தாண்டி கோயிலுக்கும் எட்டியது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் சாமியாரே கூப்பிட்டு அவளை ஆசீர்வதித்தார். இராமையாவின் நோயைப் பற்றி டிப்போவில் யாரும் மூச்சுவிடக்கூடாது என்று பெண்களெல்லாம் பேசி வைத்துக்கொண்டார்கள். மார்த்தா அடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டாள். அந்த வாரம் முழுவதும் அவளுக்கு நடையே மாறிவிட்டது.

கிறிஸ்துமஸுக்கு முதல்நாள் மறுபடி கரிவண்டி வந்தது. மார்த்தா வீட்டில் கரி மிச்சமிருந்தது, வாங்க வேண்டியதில்லை. கதவையெல்லாம் திறந்துவைத்து, புதுத் திரைச்சீலை மாட்டிக்கொண்டிருந்தாள். பால்கனிக்கு வெளியே என்னவோ உரசுகிற சத்தம் கேட்டது.

மேலேயிருந்து இரண்டு கயிறுகள் இறங்கியிருந்தன. ஒன்று கனகாம்பாளுடையது, இன்னொன்று டோ தின்னுடையது. இரண்டிலும் கரிமூட்டைகள் ஆடி ஆடி ஏறிக்கொண்டிருந்தன. ஒவ்வோர் ஆட்டத்துக்கும் மார்த்தாவின் பால்கனிச் சுவரில் ஒரு மோதல். ஆற்றுக்காற்று கரித்தூளை அள்ளிக்கொண்டுபோய்க் கூடம் முழுவதும் இறைத்தது.

'நிறுத்து' என்ற சொல் மார்த்தாவின் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது.

மேலேயிருந்து கனகாம்பாள் மூச்சு வாங்க எட்டிப் பார்த்தாள்.

"உன்னைப் பார்த்துத்தான் மார்த்தா எங்களுக்கும் புத்தி வந்தது. இனிமே இந்தக் கட்டடத்துல கரி கயித்துலதான்."

மார்த்தா சுவரைப் பார்த்தாள். மேலே பார்த்தாள். கண்ணில் விழுந்த கரியைத் துடைத்துக்கொண்டு, "மெள்ள இழுங்க, அவசரமில்லை" என்றாள்.

கீழே இராமையா இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு நின்றான்.

"எல்லாம் உங்க புண்ணியம்தாம்மா."